அசையாத கை ஏன் களைக்கிறது?

இயற்பியல் படிக்கத் தொடங்கும் மாணவர் பலருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. விசையையும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது வேலை என்று பாடநூல் கூறுகிறது. நீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்தபடி ஒருவர் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறார். வாளி நகரவில்லை; ஆகவே வாளியின் மீது அவர் செய்த வேலை சுழி. ஆனால் அவருடைய கை கடுக்கிறது, தோள் வலிக்கிறது, நெற்றியில் வியர்வை அரும்புகிறது. வேலையே செய்யாதவருக்கு வியர்வை ஏன்?

'கணக்கின்படி சுழிதான்' என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடலாம். தேர்வில் அந்த விடைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும், ஏட்டில் உள்ள இயற்பியல் வேறு, உடம்பு உணரும் உண்மை வேறு என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடும். ஒருமுறை ஊன்றிய எண்ணத்தைப் பின்னர் அகற்றுவது எளிதன்று.

சுவரில் அடித்த ஓர் ஆணி அதே வாளியை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கும். அதற்கு உணவு வேண்டா, மூச்சு வாங்காது, வியர்க்காது. ஆணியும் வாளியின் மீது வேலை செய்யவில்லை, கையும் செய்யவில்லை. எனினும் கை களைக்கிறது, ஆணி களைப்பதில்லை. இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிய வேண்டுமானால், தசை எவ்வாறு இழுவிசையை உண்டாக்குகிறது, அதன் நீளம் எப்போது மாறுகிறது, எப்போது மாறுவதில்லை என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

சொல்லினால் வரும் குழப்பம்

தசை செயற்படுவதைத் 'தசைச் சுருக்கம்' என்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இச்சொல்லைக் கேட்டவுடன், செயற்படும் தசை எப்போதும் நீளத்தில் குறையும் என்றே எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

முழங்கையை மடக்கி வாளியை மேலே தூக்குங்கள். மேற்கையின் முன்பக்கத் தசை நீளம் குறைந்து பருக்கிறது. இது சுருக்கந்தான். இனி, முழங்கையைச் செங்கோணத்தில் வைத்து வாளியை அப்படியே தாங்கி நில்லுங்கள். அதே தசை கல்லைப்போல் இறுகியிருக்கிறது. ஆனால் அதன் நீளம் மாறவில்லை. அடுத்து, வாளியை மெல்ல மெல்லத் தரைக்கு இறக்குங்கள். இப்போது முன்பக்கத் தசை நீண்டுகொண்டே செல்கிறது. ஆனாலும் அது இழுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் வாளி 'தடால்' என்று விழுந்திருக்கும்.

நீளம் குறைவது, நீளம் மாறாதது, நீளம் கூடுவது ஆகிய மூன்றையுமே உடலியலார் சுருக்கம் என்றே அழைக்கின்றனர். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது இழுவிசை ஒன்றுதான். தசை உண்டாக்குவது இழுவிசை. அந்த இழுவிசைக்கும் சுமைக்கும் இடையே நடக்கும் போட்டியே நீளத்தைத் தீர்மானிக்கிறது. இழுவிசை வென்றால் தசை குறுகும். சமமானால் அப்படியே நிற்கும். சுமை வென்றால் தசை நீளும்.

தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நாம் கதவைத் தள்ளும்போதுகூட, மேற்கையின் பின்பக்கத் தசை முன்கை எலும்பை இழுத்துத்தான் முழங்கையை நிமிர்த்துகிறது. இதனால்தான் மூட்டுகளில் தசைகள் எதிரெதிர் இணைகளாக அமைந்துள்ளன.

நெம்புகோலின் கணக்கு

வாளியின் சுமையைத் தசை அப்படியே ஏற்பதில்லை. முன்கை ஒரு நெம்புகோல். முழங்கை மூட்டு அதன் ஆதாரப் புள்ளி. மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தொலைவில் தசைநாண் எலும்பைப் பற்றியிருக்கிறது. வாளியைப் பிடித்த உள்ளங்கையோ மூட்டிலிருந்து சுமார் 32 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. முன்கை கிடைநிலையில் இருக்கும்போது, திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால் தசை சுமையைப்போல் 8 மடங்கு விசையுடன் இழுத்தாக வேண்டும். 5 கிலோகிராம் வாளியின் எடை 49 நியூட்டன். தசையின் இழுவிசை ஏறத்தாழ 400 நியூட்டன், அதாவது 40 கிலோகிராம் பொருளின் எடை. முன்கையின் சொந்த எடையை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இது நட்டமான ஏற்பாடு போலத் தோன்றலாம். ஆனால் விசையில் இழந்ததை நாம் தொலைவிலும் வேகத்திலும் பெற்றுவிடுகிறோம். தசை 1 சென்டிமீட்டர் குறுகினால் கை 8 சென்டிமீட்டர் உயர்கிறது. பந்தை வேகமாக எறிய முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். குறைந்த தொலைவில் பெரும் இழுவிசை என்பதே நமது தசைகளுக்கு இடப்பட்டுள்ள பணி.

தவளைத் தசையும் நீர்த்துளியும்

இந்த இழுவிசை எங்கிருந்து வருகிறது? நரம்புகளின் வழியாக ஒருவகை ஆவி பாய்ந்து தசையை ஊதிப் பெருக்கச் செய்கிறது என்பது கிரேக்க மருத்துவர் காலனின் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் நிலவிய கருத்து. ஊதிய பை குறுகிப் பருப்பதைப் போலத் தசையும் குறுகிப் பருக்கிறது என்றனர்.

ஹாலந்து நாட்டு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் 1660-களில் இதனைச் சோதித்தார். தவளையின் தசையை நரம்புடன் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்தார். குழாயின் மெல்லிய முனையில் ஒரு துளி நீர். நரம்பைத் தூண்டியபோது தசை துடித்துச் சுருங்கியது. ஆவி புகுந்து தசை பருத்திருந்தால் நீர்த்துளி மேலேறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை. ஆகவே தசையின் பருமனளவு மாறுவதில்லை. நீளத்தில் குறைவதை அது குறுக்களவில் ஈடுகட்டிக்கொள்கிறது. ஒரு துளி நீர் பல நூற்றாண்டுக் கருத்தை வீழ்த்திவிட்டது எனலாம்.

கோத்த விரல்கள்

தசையைப் பிரித்துக்கொண்டே போனால் மயிரிழை போன்ற தசை இழைகள் கிடைக்கும். ஒவ்வோர் இழையும் ஒரு நீண்ட உயிரணு. அதனுள்ளே சுமார் 1 மைக்ரான் தடிப்புள்ள நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுண்ணோக்கியில் பார்த்தால் இந்நுண்ணிழைகளில் வெளிர்ப் பட்டைகளும் கரும்பட்டைகளும் மாறி மாறித் தெரியும். ஒரு வெளிர்ப் பட்டையின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த வெளிர்ப் பட்டையின் நடுக்கோடு வரை உள்ள பகுதிக்குச் சார்க்கோமியர் என்று பெயர். தசையின் அடிப்படை எந்திரம் இதுவே.

சுருங்கும்போது இதனுள் என்ன நடக்கிறது? நீண்ட புரத மூலக்கூறுகள் நூல் சுருண்டு கொள்வதைப் போல மடிந்து குறுகுகின்றன என்றே வெகுகாலம் எண்ணியிருந்தனர். 1954-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும். மற்றொன்றை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். முதல் இருவர் தவளையின் உயிருள்ள தசை இழையை ஆராய்ந்தனர். மற்ற இருவர் முயலின் தசையிலிருந்து பிரித்த நுண்ணிழைகளை ஆராய்ந்தனர். இரு சாராரும் கண்டது ஒன்றே. தசை குறுகும்போது வெளிர்ப் பட்டை மட்டும் குறுகுகிறது. கரும்பட்டையின் நீளம் மாறுவதில்லை.

இதன் பொருளை எளிதில் உணரலாம். இரு கைகளின் விரல்களையும் நுனியளவில் கோத்துக்கொண்டு, பிறகு கைகளை ஒன்றையொன்று நோக்கி நகர்த்துங்கள். கைகளுக்கு இடையே உள்ள தொலைவு குறைகிறது. ஆனால் எந்த விரலும் குறுகவில்லை. ஒன்றன் இடையே மற்றொன்று நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். சார்க்கோமியரின் நடுவில் மையோசின் என்னும் புரதத்தாலான தடித்த இழைகள் உள்ளன. இரு கோடிகளிலிருந்தும் ஆக்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய இழைகள் அவற்றினிடையே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தசை குறுகும்போது மெல்லிய இழைகள் தடித்த இழைகளின் இடையே வழுக்கி நுழைகின்றன. எனவே இதற்கு 'வழுக்கும் இழைக் கொள்கை' என்று பெயர் வந்தது.

ஒரு சார்க்கோமியரின் நீளம் ஏறத்தாழ 2.5 மைக்ரான். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தசை இழையில் இவ்வாறான 40,000 சார்க்கோமியர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் கால் மைக்ரான் குறுகினால் போதும். மொத்தத்தில் தசை 1 சென்டிமீட்டர் குறுகிவிடும், கை 8 சென்டிமீட்டர் உயரும். மின்கலங்களைத் தொடரிணைப்பில் இணைத்தால் மின்னழுத்தம் கூடுவதும், பக்க இணைப்பில் இணைத்தால் மின்னோட்டத் திறன் கூடுவதும் வாசகர்கள் அறிந்ததே. தசையிலும் அப்படித்தான். தொடராக உள்ள சார்க்கோமியர்கள் மிகுந்தால் நீள மாற்றமும் வேகமும் மிகும். பக்கவாட்டில் உள்ளவை மிகுந்தால் இழுவிசை மிகும். நீண்ட தசை வேகத்துக்கும், தடித்த தசை வலிமைக்கும் ஏற்றது என்பதன் காரணம் இதுவே.

நீளத்தைப் பொறுத்த வலிமை

வழுக்கும் இழைக் கொள்கை உண்மையானால், இழைகள் ஒன்றன்மேலொன்று எவ்வளவு படிந்துள்ளனவோ அந்த அளவுக்கே இழுவிசையும் இருக்க வேண்டும். இதனை 1966-இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் தவளையின் தனித் தசை இழையில் அளந்து காட்டினர்.

தவளையின் தடித்த இழை 1.6 மைக்ரான் நீளமுள்ளது. இருபுறமும் உள்ள மெல்லிய இழைகள் ஏறத்தாழ 1 மைக்ரான் நீளமுள்ளவை. ஆகவே சார்க்கோமியரை 3.6 மைக்ரானுக்கு மேல் இழுத்து நீட்டினால் இழைகள் ஒன்றையொன்று தொடாமற் போய்விடும். சோதனையிலும், ஏறத்தாழ அந்த நீளத்தில்தான் இழுவிசை சுழியாயிற்று. நீளத்தைக் குறைக்கக் குறைக்க இழுவிசை நேர்கோட்டில் உயர்ந்து 2.2 மைக்ரான் அளவில் உச்சத்தை எட்டியது. 2 மைக்ரானுக்கும் கீழே சென்றதும், எதிரெதிரே வரும் மெல்லிய இழைகள் நடுவில் மோதிக்கொள்வதால் இழுவிசை மீண்டும் குறைந்தது. கணக்கும் அளவையும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது உயிரியலில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

மனிதனின் மெல்லிய இழைகள் சற்று நீளமானவை, ஆகவே எண்கள் சிறிது வேறுபடும், விதி ஒன்றே. இதனை இப்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டை நேராக வைத்து ஒரு பென்சிலை இறுகப் பிடியுங்கள். பிறகு மணிக்கட்டை உட்புறமாக முழுதும் மடக்கிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். பிடி தளர்ந்துவிடும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் உள்ளன. மணிக்கட்டு மடங்கியதும் அவை ஏற்கெனவே குறுகிவிட்டதால், மேலும் இழுக்கும் வலிமை அவற்றுக்குக் குறைந்துபோகிறது.

கிணற்றுக் கயிற்றை இழுக்கும் கைகள்

இழைகளை வழுக்கி நகரச் செய்வது எது? தடித்த இழையின் பக்கங்களிலிருந்து மையோசின் மூலக்கூறுகளின் தலைகள் நூற்றுக்கணக்கில் வெளியே நீட்டிக்கொண்டுள்ளன. ஒவ்வொரு தலையும் அருகிலுள்ள மெல்லிய இழையைப் பற்றி, ஒரு சிறிது சாய்ந்து இழுத்து, பிறகு விட்டுவிட்டு, மீண்டும் வேறோர் இடத்தில் பற்றுகிறது. இவ்வாறு பற்றிய தலைக்குக் குறுக்குப் பாலம் என்று பெயர். கிணற்றிலிருந்து வாளியைக் கயிற்றால் இழுப்பவர் ஒரு கையால் பிடித்திருக்கும்போதே மறு கையை விட்டு மேலே பற்றுவதை எண்ணிப் பாருங்கள். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் கயிறு நழுவிவிடும். தசையில் தலைகள் பலவாக இருப்பதால், எப்போதும் சில பற்றியிருக்கச் சில விட்டிருக்கும், கயிறு நழுவுவதில்லை.

இதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவது அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. என்னும் பொருள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹங்கேரியில் ஆல்பெர்ட் செண்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் ஆக்டின், மையோசின் புரதங்களால் ஆன இழைகளைச் செயற்கையாகச் செய்து, அவற்றின்மீது தசையைக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றை ஊற்றினர். உயிரற்ற அந்த இழைகள் சுருங்கின! சாற்றில் இருந்த ஏ.டி.பி.யே அதற்குக் காரணம்.

தசையில் இருப்பிலுள்ள ஏ.டி.பி., கடும் உழைப்பில் சில நொடிகளுக்கே போதும். அதனை உடனுக்குடன் புதுப்பிக்கும் முதல் இருப்பு கிரியாட்டின் பாஸ்பேட். இப்பொருளை 1927-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது.

ஏ.டி.பி. இழுப்பதற்கு மட்டும் வேண்டியதன்று. பற்றிய தலை பிடியை விடுவதற்கும் ஒரு புதிய ஏ.டி.பி. மூலக்கூறு அதனுடன் வந்து சேர வேண்டும். இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதன் காரணம் இதுவே. ஏ.டி.பி. தீர்ந்துவிட்டதால், பற்றிய தலைகள் விட முடியாமல் அப்படியே நின்றுவிடுகின்றன.

தலைகளுக்கு உத்தரவிடுவது நரம்பு. நரம்பின் செய்தி வந்ததும் தசை இழையின் உள்ளறைகளிலிருந்து கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன. அவை மெல்லிய இழையின் மீதுள்ள டிரோப்போனின் என்னும் புரதத்துடன் சேர்ந்ததும், பற்றும் இடங்களை மறைத்திருந்த தடை விலகுகிறது. இதனை 1960-களில் விளக்கியவர் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி. செய்தி நின்றதும் கால்சியம் மீண்டும் உள்ளறைகளுக்கு ஏற்றப்படுகிறது, தசை தளர்கிறது.

வாளிக்குத் திரும்புவோம்

இப்போது வாளியைத் தாங்கி நிற்கும் கையின் உள்ளே நடப்பதைக் காண்போம். நரம்பிலிருந்து வரும் ஒரு செய்தி தசையில் ஒரு துடிப்பை மட்டுமே உண்டாக்கும். அது ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். ஆகவே தாங்கி நிற்க வேண்டுமானால் நொடிக்குப் பல முறை செய்திகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவது நமக்குத் தொடர்ந்த காட்சியாகத் தெரிவதைப்போல, துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து நிலையான இழுவிசையாகத் தோன்றுகின்றன. களைத்த கை நடுங்கும்போது, இந்த இணைப்பு சீர்குலைவதை நாம் கண்ணாலேயே காண்கிறோம்.

ஒவ்வொரு செய்திக்கும் வெளிப்படும் கால்சியத்தை மீண்டும் உள்ளே ஏற்ற ஏ.டி.பி. செலவாகிறது. பற்றியுள்ள தலைகளும் நிலையாக நிற்பதில்லை. ஒரு தலை பற்றுகிறது, இழுக்கிறது. மெல்லிய இழை நகராததால் அந்த இழுப்பு தலையையும் இழைகளையும் நுண்ணிய அளவில் வில்லைப்போல் நீட்டுகிறது. பிறகு தலை பிடியை விட்டதும், வில்லில் சேர்ந்த ஆற்றல் வெப்பமாகச் சிதறுகிறது. அடுத்த சுற்றுக்கு மற்றோர் ஏ.டி.பி. தேவை.

1994-இல் ஃபைனர், சிம்மன்ஸ், ஸ்புடிச் ஆகியோர் ஒளிக்கற்றையை இடுக்கிபோல் பயன்படுத்தி ஒற்றை மையோசின் மூலக்கூறின் இழுப்பையே அளந்தனர். இந்த ஒளி இடுக்கியை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கின் 2018-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றார். ஒரு தலையின் விசை ஏறத்தாழ 4 பிக்கோ நியூட்டன். அது இழுக்கும் தொலைவு சுமார் 10 நானோமீட்டர். ஒரு நியூட்டனை லட்சம் கோடியால் வகுத்தால் கிடைப்பது பிக்கோ நியூட்டன். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். ஆக, ஓர் இழுப்பின் வேலை இந்த அலகுகளில் சுமார் 40. ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு உயிரணுவில் தரும் ஆற்றல் அதே அலகுகளில் சுமார் 80. ஏறத்தாழ பாதி ஆற்றலை வேலையாக மாற்றக்கூடிய எந்திரம் இது.

நம் வாளிக்கு வேண்டிய 400 நியூட்டன் இழுவிசையை 4 பிக்கோ நியூட்டனால் வகுத்துப் பாருங்கள். ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் எண் கிடைக்கும். தசையின் ஒவ்வொரு குறுக்கு அடுக்கிலும் ஏறத்தாழ இத்தனை தலைகள் எந்நேரமும் பற்றியிருக்க வேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றும் விட்டு விட்டுப் பற்ற வேண்டும்.

ஐயத்துக்கு இனி விடை கூறலாம். வாளியின் மீது செய்த வேலை சுழி என்பது முற்றிலும் சரி. ஆனால் உடலினுள் ஆற்றல் செலவாகாமல் இல்லை. செலவான ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. ஆற்றல் அழிவின்மை விதி ஒரு துளியும் மீறப்படவில்லை. வியர்வை அந்த வெப்பத்தின் சாட்சி. இயற்பியலின் 'வேலை' வாளி பெற்றதை அளக்கிறது; களைப்பு நாம் கொடுத்ததைச் சொல்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

ஏறுவதும் இறங்குவதும்

சுமையைத் தூக்கும்போது என்ன ஆகிறது? 1923-இல் வாலஸ் ஃபென், தவளைத் தசை சுமையைத் தூக்கி வேலை செய்யும்போது, அசையாமல் இழுக்கும்போது செலவிடுவதைவிடக் கூடுதலான ஆற்றலைச் செலவிடுவதைக் கண்டார். முன்கூட்டி இழுத்து வைத்த சுருள்வில்லாகத் தசை இருந்தால் இவ்வாறு நடவாது. வேலைக்கு ஏற்பச் செலவிடும் எந்திரம் அது.

தசையின் வெப்பத்தை அளந்ததற்காக 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்ற ஏ.வி. ஹில், 1938-இல் மற்றொரு விதியைத் தெளிவாக்கினார். சுமை கூடக் கூடத் தசை குறுகும் வேகம் குறையும். வேகம் கூடினால் இழுவிசை குறையும். இழைகள் விரைந்து நகரும்போது தலைகளுக்குப் பற்ற நேரம் போதாமையே காரணம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. அசையாச் சுமையில் வேகம் சுழி. சுமையே இல்லாதபோது விசை சுழி. இரண்டிலும் திறன் சுழி. உச்ச வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் தசையின் திறன் மிகுதி. மிதிவண்டியில் பல்சக்கரங்களை மாற்றும் வசதி வைப்பது, ஏற்றத்திலும் சமதரையிலும் கால்களை இந்த வேகத்துக்கு அருகிலேயே வைத்திருக்கத்தான்.

இறங்குவது இன்னும் வியப்பானது. 1952-இல் அபட், பிக்லண்ட், ரிட்சி என்னும் மூவர் இரண்டு மிதிவண்டிகளை முதுகுக்கு முதுகு வைத்துச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகளைத் தடுத்தார். இருவர் கால்களிலும் விசை ஒன்றே. ஆனால் தடுத்தவர் உட்கொண்ட ஆக்சிஜன் மிதித்தவரைவிடப் பன்மடங்கு குறைவு! நீட்டப்படும் தசையில் தலைகள் முழுச் சுற்றையும் முடிக்காமல் இழுவிசையாலேயே பிய்ந்து விடுபடுவதால் ஏ.டி.பி. மிச்சமாகிறது, பற்றியுள்ள தலைகள் மேலும் நீட்டப்படுவதால் இழுவிசையும் கூடுகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. மலைக்கோவில் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது எளிதாகவே இருக்கிறது. ஆனால் மறுநாள் தொடையில் வரும் வலிக்குப் பெரிதும் காரணம் இறங்கியதுதான். நீளும்போது இழுக்கும் தசையில் சில சார்க்கோமியர்கள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. சில நாட்களில் அவை சீராகிவிடும். அடுத்த முறை வலியும் குறையும்.

ஆணியைப்போல் நிற்கும் தசைகள்

அசையாமல் தாங்குவதில் மற்றொரு கேடும் உண்டு. வலிந்து இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ஆக்சிஜன் வருவது குறைகிறது; கழிவுகள் வெளியேறுவதும் குறைகிறது. களைப்புக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நெடுங்காலம் கூறிவந்தனர். இன்று, கிரியாட்டின் பாஸ்பேட் சிதைவதால் தேங்கும் பாஸ்பேட் அயனிகளுக்கே ஆய்வாளர்கள் கூடுதல் பங்கு அளிக்கின்றனர். காரணம் எதுவாயினும், அடிக்கடி கைமாற்றிக் கொள்வதும், நடுவே ஒரு நொடி தளர்த்துவதும் இரத்த ஓட்டத்துக்கு வழிவிடும் என்பது பயனுள்ள செய்தி.

எல்லாத் தசைகளும் இவ்வளவு செலவாளிகள் அல்ல. கடற்சிப்பிகள் தம் ஓட்டை மணிக்கணக்கில் இறுக மூடி வைத்திருக்கின்றன. அவற்றின் மூடு தசை ஒருமுறை இறுகியபின் பூட்டிக்கொண்டதைப்போல நின்று, மிகக் குறைந்த ஆற்றலையே செலவிடுகிறது. நம் இரத்தக் குழாய்ச் சுவர்களிலுள்ள மென்தசைகளும் மெதுவாகச் செயற்பட்டுச் சிக்கனமாகத் தாங்குகின்றன. அவ்வாறாயின் கையின் தசை ஏன் இப்படி அமையவில்லை? பூட்டிக்கொள்ளும் தசையால் பந்தை எறிய முடியாது. சுட்ட பாத்திரத்திலிருந்து கையை வெடுக்கென எடுக்க முடியாது. விரைந்து விட முடிவதற்கு நாம் கொடுக்கும் விலையே, தாங்கும்போது ஆகும் இந்தச் செலவு.

சுமை சுமப்போர் இதனை அனுபவத்தால் அறிந்துள்ளனர். தலையில் வைத்த சுமையின் எடை பெரும்பாலும் கழுத்து, முதுகு எலும்புகளின் வழியே தரைக்கு இறங்குகிறது. எலும்பு, ஆணியைப்போல் செலவின்றித் தாங்குகிறது. தசைக்குச் சமநிலை காக்கும் பணியே மிஞ்சுகிறது. குதிரை நின்றபடியே உறங்குவதும், கால்களில் உள்ள நாண்களும் பந்தகங்களும் மூட்டுகளை நிலைநிறுத்துவதால்தான்.

வாசகர்கள் ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். முதலில் கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டித் தாங்குங்கள். பிறகு மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை மடக்கித் தாங்குங்கள். கடைசியில் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை நிமிடம் தாங்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடையில் போதிய ஓய்வு தேவை. இறுகிய நிலையில் நெடுநேரம் தாங்கினால் இரத்த அழுத்தம் உயரும். ஆகவே இதய நோயும் இரத்தக் கொதிப்பும் உடையோர் இச்சோதனையில் இறங்க வேண்டா. மூன்று நிலைகளிலும் பொருளின் மீது செய்த வேலை சுழிதான். உங்கள் தசைகள் எழுதும் செலவுக் கணக்கு மட்டும் மூன்றிலும் வேறு வேறாக இருக்கும்.